உமக்கு இது காணும்

புதுக் கம்பியூட்டர் வாங்குகிற ஆசையோடு யாரும் அண்ணையிடம் போகக்கூடாது. போனால் ஆசை போய்விடும். லண்டன் எட்மண்டனில் எங்கள் ரோட்டுக்கு அடுத்த ரோட்டில், கவுன்சில் பிளாட் ஒன்றின் கீழ்த்தட்டில் அவர் தனியாக இருந்தார். லாப்டொப் விழுந்து உடைந்தவன், பிரிண்டர் அடம்பிடிக்கிறது என்று அழுகிறவள், எல்லாரும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். சாமானைத் திறப்பார், தூசி ஊதுவார், எதையோ கழற்றி எதையோ பூட்டுவார், மூடிக் கையில் தந்துவிட்டு "உமக்கு இது காணும்" என்பார். காணும் என்றால் எங்கள் பேச்சில் போதும். புதிதாக ஒன்றும் வாங்கவேண்டாம், இருக்கிறதே போதும் என்று அர்த்தம். அந்தப் பகுதிக் கம்பியூட்டர் கடைக்காரர்கள் சேர்ந்து அவர்மேல் வழக்குப் போடாததுதான் அதிசயம்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் "உது என்னத்துக்கு, அண்ணை எண்டாலே காணும்தானே" என்றுதான் சொல்லியிருப்பார்.

நான் பஸ் டிரைவர். காலை ஷிப்டில் பஸ் ஓட்டுகிறேன், ஓய்வு நாளில் கம்பியூட்டரில் பஸ் ஓட்டுகிறேன். அது ஒரு விளையாட்டு. உண்மையான நகரம்போலத் தெருக்கள், சிக்னல், ஏறி இறங்குகிற சனம், எல்லாம் இருக்கும். "முழுநாளும் பஸ் ஓடிப்போட்டு வந்து திரும்பவும் பஸ்ஸோ" என்று என் மனைவி கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டாள். நான் அதை ஓட்டுவதை ஞாயிறு பின்னேரங்களில் நேரலையாகவும் போடுவேன். கூடவே என் வாயும் ஓடும். டொராண்டோவிலும் பாரிஸிலும் ஊரிலுமாகச் சிதறிப்போன என் பள்ளிக்கூடக் கூட்டாளிகள் இருபது இருபத்தைந்து பேர் பார்ப்பார்கள். நிஜ பஸ்ஸில் யாரையும் திட்ட முடியாது. அதில் திட்டலாம். அதற்காகவே பார்க்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள்.

நேரலை தொடங்கும்போது நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி. "சத்தம் காணுமோ?" உடனே திரையின் ஓரத்தில் ஒரு பதில் வந்து விழும். "காணும்." எப்போதும் முதல் ஆள் அண்ணைதான். மற்றவர்கள் பிறகுதான் வந்து மைக் கரகரக்கிறது, என்ஜின் சத்தம் கூடிப்போச்சு என்று குறை சொல்வார்கள். ஒருநாள் மைக்கைப் போடவே மறந்து பத்து நிமிஷம் கத்தியிருக்கிறேன். கூட்டாளிகள் எல்லாரும் சத்தமில்லை, சத்தமில்லை என்று எழுதிக்கொண்டிருக்க, எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியில் அவருடைய "காணும்" கிடந்தது. அதை வைத்துப் பல கிழமை சிரித்தோம். பிறகு நேரில் கேட்டேன். "நீர் என்ன சொல்லுவீர் எண்டு எனக்குத் தெரியும்தானே" என்றார். அவருடைய பகிடி என்று நினைத்தேன்.

விளையாடுகிற அந்தக் கம்பியூட்டரைப் பூட்டத் தொடங்கிய நாளிலிருந்தே அவர் எனக்குப் பழக்கம். எல்லாம் வாங்கியிருந்தேன், ஸ்பீக்கரை மறந்துவிட்டேன். அவர் தன் மேசையிலிருந்த இரண்டு சின்னக் கறுப்பு ஸ்பீக்கரையும் வயரோடு சுருட்டிக் கையில் தந்தார். ஒன்றின் மூலை வெடித்திருந்தது. "எனக்கு வேற கிடக்கு, நீர் கொண்டு போம்." நான் கொண்டு வந்தேன். கொண்டு வருவதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

அவர் மன்னார்ப் பக்கத்து வேதக்காரர், கத்தோலிக்கர். இங்கே வந்து அகதி வழக்கு முடிய எட்டு வருஷம் எடுத்தது. அதுவரை வேலை செய்ய அனுமதி இல்லை. சும்மா இருக்க ஏலாமல், வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் எறிகிற பழைய கம்பியூட்டர்களைத் தூக்கி வந்து பிரித்துப் பார்த்திருக்கிறார். நாலு செத்ததில் ஒரு உயிருள்ளது செய்யலாம் என்று அப்போதுதான் கண்டுபிடித்தாராம். பேப்பர் கிடைத்த பிறகு பெற்றோல் ஷெட்டில் கல்லாவில் நின்றார். பதவி உயர்வு தர வந்தபோதும் காணும் என்றார். கலியாணம் பேச வந்தவர்களிடமும் அதையே சொன்னாராம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது. ஒரு மனுசன் இவ்வளவு குறைவாக ஆசைப்பட்டால் பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தன்னைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும்.

புரொசசர் மாற்றவேண்டும் என்று நான் போய் நின்றது இப்படிப்பட்ட ஆளிடம். என் நேரலை திக்கத் தொடங்கியிருந்தது. விளையாட்டில் சந்தி நிறைய வாகனம் வந்தால் படம் நின்று நின்று வரும், குரல் ஒரு பக்கம் போகும், பஸ் ஒரு பக்கம் போகும். ஆறு கோர் இருக்கிற என் பழைய புரொசசரைக் கழற்றிவிட்டு, அதே மதர்போர்ட்டில் பொருந்தக்கூடிய எட்டுக் கோர் ஒன்று போடுவதா, இல்லை போர்ட், மெமரி எல்லாவற்றையும் தூக்கி எறிந்து புதிய தலைமுறைக்கே போவதா என்று இரண்டு கிழமையாக வீடியோ பார்த்துக் குழம்பியிருந்தேன்.

"எது நல்லது அண்ணை?"

"புரொசசரிலை பிழையில்லைத் தம்பி. எங்க அடைக்குது எண்டு பார்க்கவேணும். நீர் விளையாட்டையும் அதின்ரை தலையிலை வைச்சு, படத்தைச் சுருக்கி அனுப்புற வேலையையும் அதின்ரை தலையிலை வைச்சிருக்கிறீர். அனுப்புற வேலையைக் கிராபிக்ஸ் கார்ட்டிட்டைக் குடும். செற்றிங்கிலை ஒரு இடத்திலை மாத்தினால் சரி. உமக்கு இது காணும்."

எனக்கு எரிச்சல் வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்குத் தேவைப்பட்டது தீர்வு அல்ல. பெட்டி பிரிக்கிற சுகம் ஒன்று இருக்கிறதே, அது. ஊரிலும் அண்ணன்மார் போட்ட சேட்டு, இங்கே வந்தும் யாரோ படுத்த மெத்தை. ஒரு புதுச் சாமானை நான்தான் முதலில் தொடவேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமா? வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்து எட்டுக் கோரை ஓடர் பண்ணினேன். பிறகு குற்ற உணர்ச்சியில் போன் எடுத்துச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அப்ப வடிவாக் கேளும்" என்று மூன்று விஷயம் சொன்னார். முதலில் பழையது பூட்டியிருக்கும்போதே போர்ட்டின் அடிப்படை மென்பொருளான பயோஸைப் புதுப்பிக்கவேண்டும், இல்லாவிட்டால் போர்ட்டுக்குப் புதியது யாரென்றே தெரியாது. அடுத்தது, கழற்ற முதல் அரை மணித்தியாலம் கம்பியூட்டரை ஓடவிட்டுச் சூடாக்கவேண்டும், அப்போதுதான் புரொசசருக்கும் விசிறிக்கும் நடுவில் இருக்கிற பசை இளகும். கடைசியாக, விசிறியை இழுக்கக்கூடாது, திருகித்தான் எடுக்கவேண்டும்.

பார்சல் ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்காலுக்கு வந்தது. மனைவி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கோயில் கலண்டரைப் பார்த்தாள்.

"நாலரைக்கு ராகுகாலம் தொடங்குது. புதுச் சாமான், அதுக்கு முன்னம் போட்டிடுங்கோ."

லண்டன் சூரியனுக்கும் இந்தக் கலண்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடிய ஆள்தான் நான். ஆனால் எனக்கு ராகுகாலத்தில் நம்பிக்கையும் இல்லை, நம்பாமல் விடத் துணிவும் இல்லை. நாற்பத்தைந்து நிமிஷம் இருந்தது. சூடாக்க அரை மணி, பயோஸுக்குக் கால் மணி என்று கணக்குப் பார்த்தால் நேரம் இடிக்கும். அண்ணை சொன்ன மூன்றையும் விட்டேன். விசிறியைப் பிடித்து இழுத்தேன். டக் என்றொரு சத்தம். காய்ந்த பசையோடு ஒட்டிக்கொண்டு புரொசசரும் சேர்ந்து பிடுங்கி வந்தது. அதன் அடியில் மயிர்க் கனத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகள் இருக்கும். ஒரு மூலையில் அவை மழைக்குச் சாய்ந்த நெல்லுப்போலப் படுத்துக் கிடந்தன. அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். நாலு இருபத்தெட்டுக்குப் போட்டு முடித்துவிட்டேன். திரை கறுப்பாகவே நின்றது. பயோஸைப் புதுப்பிக்கப் பழையது வேண்டும், பழையதன் ஊசி வளைந்துவிட்டது. நல்ல நேரத்துக்குள் இரண்டையும் கெடுத்து முடித்திருந்தேன்.

"அண்ணை, ரண்டும் போச்சு" என்றேன் போனில்.

"ஒண்டும் போயிராது. வாறன்."

ஐந்து நிமிஷ நடை அது. அவர் வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. வேலையாக இருந்திருப்பார் என்று நினைத்தேன். கதவைத் திறந்தபோது நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு பூதக்கண்ணாடியும், ஈயக்குச்சி எடுத்துவிட்ட ஒரு அமுக்குப் பென்சிலும். அந்தப் பென்சில் நுனியின் ஓட்டைக்குள் ஒவ்வொரு ஊசியாக நுழைத்து நிமிர்த்தவேண்டும், கொஞ்சம் அதிகமாக வளைத்தால் முறிந்துவிடும். மனைவி ராகுகாலக் கதையைத் தானே ஒப்புக்கொண்டாள்.

"எங்கட வேதத்திலை ராகுகாலம் இல்லைப் பிள்ளை" என்றார் அவர் குனிந்தபடி. "அதாலை எங்களுக்கு எந்த நேரத்திலையும் பிழை நடக்கும்."

இரண்டு மணித்தியாலம் அப்படியே குனிந்திருந்தார். மணிக்கூடு மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை வழுக்கி வழுக்கிப் போனது. அதை நான் பார்த்தேன், பார்த்தும் ஊசியைத்தான் யோசித்தேன். பழையது ஓடியது, பயோஸ் ஏறியது, புதியது ஓடியது. எங்கள் வீட்டில் அன்று இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். அவர் ஒரு கோப்பையில் சொதி மட்டும் வாங்கினார். அதிலும் பாதியில் கையால் மறித்தார்.

"காணும் பிள்ளை."

பழைய புரொசசரை அவரிடமே கொடுத்தேன். அவருடைய கம்பியூட்டரில் இருந்ததைவிட அது எவ்வளவோ மேல். சின்னப் பிள்ளைக்குப் பூந்தி கொடுத்ததுபோல இரண்டு கையாலும் வாங்கி, கைலேஞ்சித் துணியில் சுற்றிச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு நான் நேரலையைப் போட்டேன். அதே திக்கல். கடைசியில் அவர் முதலில் சொன்ன செற்றிங்கைப் போய் மாற்றினேன். மூன்று நிமிஷ வேலை. தண்ணீர்போல ஓடியது. எனக்குப் பழையதே காணும்தான்.

"அண்ணை விழுங்கேக்கை பார்த்தனீங்களோ?" என்று மனைவி கேட்டாள். "மேசையைப் பிடிச்சுக்கொண்டு கண்ணை மூடி விழுங்கினவர்."

"அவர் எப்பவும் கொஞ்சந்தானே சாப்பிடுறவர்."

"கொஞ்சமாச் சாப்பிடுறதும் சாப்பிடேலாமல் இருக்கிறதும் ஒண்டில்லை" என்றாள்.

அடுத்த நாள் போய்க் கேட்டேன். நெஞ்சுக்குள் கொஞ்சம் அடைக்கிறது, தண்ணி குடித்தால் போகும் என்றார். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். நத்தாருக்குப் பிறகு, கிறிஸ்மஸ் முடிந்ததிலிருந்து என்றார். அப்போது வைகாசி.

"கம்பியூட்டர் எண்டால் எங்க அடைக்குது எண்டு தேடுவீங்களே அண்ணை."

"அதுக்கு வாயில்லை, நாங்கள்தான் தேடவேணும். எனக்கு வாயிருக்கு. நோய் வருத்தம் எண்டால் சொல்லுவன்தானே."

அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டொக்டரிடம் விட்டேன். நல்ல பிள்ளை அந்த டொக்டர், அவசரப்படாமல் கேட்டாள். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணினால் வலி, எங்கள் பேச்சில் நோ, எவ்வளவு என்றாள். இரண்டு என்றார். சாப்பிட முடிகிறதா என்றாள். பரவாயில்லை என்றார். நான் பொறுக்காமல், சோறு இறங்கவில்லை, ஆள் பாதியாகிவிட்டார் என்று சொன்னேன். அவர் சிரித்தபடி என் முழங்காலில் கைவைத்து, தம்பி வீணாகக் கவலைப்படுகிறார் என்று ஆங்கிலத்தில் அவளைத் தேற்றினார். அவள் அதை நம்பவில்லை. தொண்டைக்குள் கமெரா விட்டுப் பார்க்கவேண்டும், அவசரம் என்று எழுதி அனுப்புகிறேன் என்றாள். வெளியே வந்து நான் பெருமூச்சு விட்டேன். இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

கமெரா விட்டுப் பார்க்க நாள் குறித்துக் கடிதமும் வந்தது. அவர் போன் எடுத்து, தனக்கு இப்போது பரவாயில்லை, அந்த இடத்தை வேறு யாராவது பெரிய வருத்தக்காரருக்குக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். டொக்டர் எழுதித் தந்த குளிசையே காணுமாம். இதை ஒரு மாதம் கழித்து, மழைக்கதை சொல்வதுபோல என்னிடம் சொன்னார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தேத்தண்ணி போடட்டுமா என்றார். நானே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். நோயாளிதான் பேசவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. மனைவி அவர் வீட்டுக்குப் போய் இருந்து அழுதாள். அவளுடைய அழுகைக்காக மறுபடி நாள் எடுத்தார், எடுத்த நாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. பசித்த பிள்ளைக்கு வாயைத் திறந்து ஊட்டலாம். கேட்கத் தெரியாத பெரிய மனுசனை என்ன செய்வது? எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நாள் வருவதற்கு முதல் பெற்றோல் ஷெட் கல்லாவில் நின்றபடியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் திறந்து பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். புற்று எல்லா இடமும் பரவியிருந்தது. அங்கும் நேர்ஸ் வந்து நோ எவ்வளவு என்று கேட்பாள், அவர் விரலால் இரண்டு காட்டுவார். நான் வாசலில் அவளை மறித்து, அவர் என்ன சொன்னாலும் அதோடு ஐந்தைக் கூட்டுங்கள் என்று சொன்னேன். அன்றிலிருந்து கூட்டித்தான் மருந்து கொடுத்தாள். அவருக்காக நான் செய்து ஒப்பேறிய காரியம் அது ஒன்றுதான்.

கடைசிக்கு முதல்நாள் "புதுசு எப்பிடி ஓடுது?" என்று கேட்டார். புரொசசரைத்தான். நல்லா ஓடுது அண்ணை என்றேன். செற்றிங்கை மாற்றியதைச் சொல்லவில்லை. அவருக்குச் சந்தோஷம்.

மாதா கோயிலில் அவருடைய இறுதிப் பூசைக்கு நிறையச் சனம் வந்தது. யார் வீட்டிலாவது அவர் கை படாத கம்பியூட்டர் இருந்தால்தானே வராமல் இருப்பார்கள். பக்கத்து ரோட்டு அக்கா ஒருத்தி, தன் மகளின் படிப்புக்கு அண்ணை ஒரு நல்ல புரொசசர் பூட்டித் தந்தார், கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்தார் என்று சொல்லி அழுதாள். என்னுடையது. ஒரு கிழமைகூட அவர் வைத்திருக்கவில்லை.

பிளாட்டைக் காலி பண்ணக் கவுன்சில் நாள் கொடுத்தது. உடுப்புகளை மாதா கோயில் ஆட்கள் எடுத்தார்கள். மேசையில் இருந்த அவருடைய சொந்தக் கம்பியூட்டரை ஒருவரும் கேட்கவில்லை. மனைவியும் நானும் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். போட்டதும் என்னுடைய நேரலைப் பக்கம்தான் முதலில் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக முந்திய ஞாயிறு நான் ஓட்டியதன் பதிவு பாதியில் நின்றிருந்தது. ஓடவிட்டேன். என் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் பார்த்தேன். ஸ்பீக்கர் பூட்டுகிற ஓட்டையில் தூசி அடைத்திருந்தது. அதில் வயர் செருகிப் பல வருஷமாகியிருக்கவேண்டும்.

"அவரின்ரை ஸ்பீக்கர் எங்கை?" என்றாள் மனைவி.

அவளே என் மேசையைப் பார்த்தாள். மூலை வெடித்த அந்த இரண்டு கறுப்பு ஸ்பீக்கரும் அங்கேதான் இருந்தன. வேறு கிடக்கிறது என்று சொல்லித் தந்தது. போனும் அவரிடம் பட்டன் போன்தான், அதிலும் கேட்டிருக்க முடியாது. இத்தனை வருஷம், ஞாயிற்றுக்கு ஞாயிறு, நான் வாயசைப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

மனைவி என் கம்பியூட்டரிலிருந்து வயரைக் கழற்றினாள். தூசியை ஊதிவிட்டு அவருடையதில் செருகினாள். நான் பதிவைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோனேன்.

"சத்தம் காணுமோ?" என்று என் குரல் கேட்டது.

திரையின் ஓரத்தில் முதல் வரி வந்து விழுந்தது. காணும்.

மனைவி குனிந்து சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.